எண்பத்து நாலு கடை

"இருபத்து மூணு கடைக்கு நீங்க போகவே இல்லை. அதை ஒத்துக்கிட்டா வைவாவை இத்தோட முடிச்சுக்கலாம்" என்றார் பேராசிரியர் பீமராவ்.

ஜோதி மைக்கைப் பிடித்தபடி நின்றாள். அந்தத் திருச்சிக் கல்லூரியின் கருத்தரங்கக் கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வைவா என்கிற முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். முக்கால்வாசிப் பேர் சமோசாவுக்காக வந்தவர்கள்.

பீமராவ் சென்னையிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர். சந்தைப் பொருளாதாரத்தில் அவர் பெயரைச் சொன்னால் டெல்லி வரைக்கும் எழுந்து நிற்பார்கள். அந்தப் பெயரைக் கொடுத்ததே இந்த ஊர்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால், மலைக்கோட்டை அடிவாரத்துச் செம்புக்காரச் சந்தின் பாத்திரக் கடைகளை ஆராய்ந்து ஒரு புத்தகம் போட்டார். கடைக்காரர்கள் எல்லாரும் ரகசியமாகக் கூடிப் பேசித்தான் விலை வைக்கிறார்கள் என்று அடித்துச் சொன்ன புத்தகம். எண்பத்து நாலு கடை, எண்பத்து நாலு பேட்டி. அதை வைத்தே பேராசிரியர் ஆனார், துறைத் தலைவர் ஆனார், கமிட்டி கமிட்டியாக உட்கார்ந்தார், வெளிநாட்டுக்கும் பறந்தார்.

ஜோதி அந்தப் புத்தகத்திலிருந்த கடைப் பட்டியலோடு அதே சந்துக்குப் போய்விட்டு வந்து, ரகசியமும் இல்லை, கூட்டும் இல்லை, பக்கத்துக் கடைக்காரரைக் கவிழ்க்கவே ஆளாளுக்கு விலையைக் குறைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். பீமராவுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஜோதியின் கைடு ஆரிஃபா மேடம் யார் யாரையோ பிடித்து, ஸ்ரீரங்கத்தில் காலையில் அவருக்கு நல்ல தரிசனம் ஏற்பாடு செய்திருந்தார்கள். பெருமாளைப் பார்த்தும் அவர் மனசு குளிரவில்லை.

"போனேன் சார். அந்தக் கடைங்களை மூடிட்டாங்க. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன்" என்றாள் ஜோதி.

"இருபத்து மூணுமா? அறுபத்து ரெண்டுலேர்ந்து எண்பத்து நாலு வரைக்கும், ஒண்ணு விடாமலா? என்ன, சந்துல காலரா வந்துச்சா?"

கூடம் சிரித்தது. ஜோதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேட்டுக்கம்மா. மே மாச வெயில். எண்பத்து நாலு கடையும் நானே ஏறி இறங்கினேன். கால் கொப்பளிச்சுப் போச்சு. டேட்டாங்கறது உட்கார்ந்த இடத்துல கிடைக்காது."

கைதட்டினார்கள். மேடைக்கு மேடை இதைச் சொல்லிச் சொல்லி, அவர் கால்களே அந்தக் கொப்புளத்தை நம்ப ஆரம்பித்திருந்தன.

ஆரிஃபா மேடம் எழுந்தார்கள். "சார், திங்கக்கிழமைக்குள்ள பட்டம் முடிச்ச கடிதத்தைக் காட்டினா, இவளுக்குத் துறையூர்ல ஒரு காலேஜ்ல வேலை உறுதி. ஏழு வருஷமா காத்துக்கிட்டிருக்கா. கொஞ்சம் பார்த்து..."

"பாவம் பார்த்துப் பட்டம் கொடுக்க முடியாது மேடம். இன்னும் ஆறு மாசம் அந்தச் சந்துக்குப் போயிட்டு வரட்டும்."

பின்வரிசையில் தாஜுதீன் எழுந்தார். செம்புக்காரச் சந்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவர்; ஜோதி கூப்பிட்டதால் வந்திருந்தார். "சார், நான் ஒரு வார்த்தை சொல்லிக்கலாமா..."

"வேணாம் பாய், உட்காருங்க" என்று ஜோதி மைக்கிலேயே தடுத்தாள். "சார் சொல்றது சரிதான். நான் மறுபடியும் போய்ப் பாக்கறேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

பீமராவுக்கு அப்புறம்தான் நிம்மதி வந்தது. இடைவேளையில், தனக்கு ஒதுக்கிய அறையில் உட்கார்ந்து காபியை உறிஞ்சிக்கொண்டே, அறிக்கைத் தாளில் 'களப்பணி போதாது' என்று எழுத ஆரம்பித்தார்.

தாஜுதீன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். சபையில வாயைத் திறக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கு. ஆனா அது கண்ணு கலங்கறதைப் பார்த்துட்டுச் சும்மா போக முடியல."

"கடையெல்லாம் மூடினதுக்கு நீங்க சாட்சியா?"

"மூடல சார், அங்க கடையே கிடையாது. அறுபத்தொண்ணு எங்க கடை. எங்க அத்தா காலத்துலேர்ந்து அதான் சந்துக்குக் கடைசி. அதைத் தாண்டினா தெப்பக்குளத்துப் படிக்கட்டு. உங்க பட்டியல்ல இருக்கற மத்த கடையெல்லாம் தண்ணிக்குள்ளதான் இருந்திருக்கணும்."

பீமராவின் பேனா நின்றுவிட்டது.

"மொத நாளே அந்தப் பொண்ணுக்கு நான் காட்டிட்டேன். நாலு நாள் மனசைப் போட்டுக் குழப்பிக்கிச்சு. 'பெரிய மனுஷர் பாய், இந்த வயசுல அவரு பேரு கெட வேணாம்'னு சொல்லிட்டு, மூடிட்டாங்கன்னு எழுதிருச்சு."

பீமராவுக்கு முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வெட்கமாக இருந்தது. தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"அதுக்கும் எனக்கும்தான் சார்."

எழுதியதை அடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று கூடத்துக்குப் போய் மைக்கைப் பிடித்தார்.

"உங்க எல்லார் முன்னாடியும் இப்ப நான் ஒரு உண்மையைச் சொல்லியாகணும்."

பின்னாலேயே வந்த தாஜுதீனை ஜோதி பதறிப்போய்ப் பார்த்தாள்.

"ஜோதிக்குப் பட்டம் கொடுக்கலாம்னு பரிந்துரை பண்றேன். சொன்னதுல உறுதியா நிக்கறாங்களான்னு பார்க்கத்தான் அப்படிக் கேட்டேன். நேத்து சாயங்காலமே அந்தச் சந்துக்கு நான் நேர்ல போயிட்டேன். இருபத்து மூணு கடை வாசல்லயும் நின்னு பார்த்தேன். ஒவ்வொண்ணுலயும் இம்மாம் பெரிய பூட்டு தொங்குது!"