பாதிப் பிரசங்கம்

"பிரசங்கத்துக்கு உட்கார முடியாதவரை சபைக் கமிட்டியில போடறதா பாஸ்டர்?"

பட்டியலில் பஸ் டிரைவரின் பெயர் மேல் விரலை வைத்துக் கேட்டார் சபைச் செயலாளர்.

"மேடையில இருந்து நான்தான் வாரா வாரம் பார்க்கிறேனே. நீங்க பிரசங்கம் ஆரம்பிச்சா போதும், மனுஷன் கடைசி வரிசையில இருந்து நைசா நழுவிடறாரு. ஆசீர்வாதம் சொல்ற நேரத்துக்கு நல்ல பிள்ளையா வந்து உட்கார்ந்துக்கறாரு."

"அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்றார் பாஸ்டர்.

கேட்டார். ஆலய வாசலில், நாலு பேர் காதில் விழும்படியே கேட்டார்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க சார். கொஞ்சம் நடந்துட்டு வருவேன்."

"நடக்கறதுக்குத்தான் கர்த்தர் மிச்சம் ஆறு நாள் கொடுத்திருக்காரே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். அதுதான் செயலாளருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த ஞாயிறு வேத வாசிப்பு முடிந்ததும் அவர் மேடைக்குத் திரும்பவில்லை. பக்கக் கதவு வழியாக வெளியே போய்த் தூண் மறைவில் நின்றார். இன்று கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

முதலில் வெளியே வந்தது செயலாளரின் அப்பா.

வழக்கம்போல பாத்ரூமுக்கு என்று நினைத்தார். அப்பாவோ விறுவிறுவென்று கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினார். செயலாளர் பதறி அடியெடுத்து வைப்பதற்குள் டிரைவர் ஓடிவந்து அவரை எட்டிப் பிடித்தார்.

"ஐயா, ஆபீசுக்கா?"

"ஆமாப்பா, நேரமாயிடுச்சு. தபால் கட்டெல்லாம் பிரிக்காம கிடக்கும்."

"வாங்க, நானும் அந்தப் பக்கம்தான்."

அப்பா போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம் ஆகிறது. கொஞ்சம் மறதி, அவ்வளவுதான் என்று செயலாளர் நினைத்திருந்தார்.

பேசாமல் பின்னாலேயே போனார். இரண்டு தெரு தள்ளி, தபால் ஆபீஸ் கேட்டில் தொங்கிய பூட்டை டிரைவர் இழுத்துக் காட்டினார்.

"அடடா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை ஐயா."

பெரியவர் முகம் சுருங்கியது. "யார்கிட்டயும் சொல்லிடாதேப்பா. சிரிப்பாங்க."

"சொல்ல மாட்டேன் ஐயா."

இருவரும் திரும்பியபோது எதிரில் செயலாளர்.

"நீ ஏன்டா பிரசங்கத்தை விட்டுட்டு ஊர் சுத்தற?" என்று மகனை ஒரு அதட்டு அதட்டிவிட்டு அப்பா முன்னால் நடந்தார்.

"எத்தனை நாளா இப்படி?" செயலாளரின் குரல் இறங்கியிருந்தது.

"ஏழெட்டு மாசம் இருக்கும் சார்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாரா வாரம் வாக்கு கொடுக்கறேனே சார்."

அடுத்த ஞாயிறு செயலாளர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பிரசங்கம் ஆரம்பித்தது. அப்பா எழுந்து போனார். பின்னாலேயே எழப்போன டிரைவரின் தோளை அழுத்தி, "நீங்க கேளுங்க" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் வெளியே நடந்தார்.

"செயலாளரே பாதியில எழுந்து போனா, சபை எப்படி உருப்படும்?" என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதில் தெளிவாகவே விழுந்தது.

திரும்பிப் பதில் சொல்ல நேரமில்லை. அப்பா அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.