பூசணிக்காயைத் தூக்கிய மாவு

மரவள்ளி மாவுக்குப் பையாக வேண்டும் என்று ஆசை. ஆசை இருந்தால் போதுமா? தண்ணீரில் கரைந்து, அடுப்பில் கொதித்து, தட்டில் பரவிப் பளபளவென்று காய்ந்தது. மடித்ததுதான் தாமதம், அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. இன்னொரு தடவை நொறுங்கினால் நேரே மாட்டுத் தொட்டிதான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

"என்னையும் சேர்த்துக்கோங்க அண்ணே. நல்லா வளைஞ்சு கொடுப்பீங்க," என்றது பக்கத்துக் குப்பியில் இருந்த கிளிசரின்.

"பிசுபிசுப்புக்கெல்லாம் எங்க வம்சத்துல இடமில்லை."

"அப்ப நான்?" என்றது பொடியாக நறுக்கி வைத்திருந்த வாழைநார்.

"நீ பூக்கட்டப் பிறந்தவன். உனக்கு இங்கே என்ன வேலை?"

"சரி, தொட்டிக்கே போங்க. மாடு உங்க வம்சத்தை விசாரிச்சுட்டுத்தான் வாய் வைக்கும்!" என்றது நார்.

கொல்லையில் மாடு அசைபோடும் சத்தம் கேட்டது. மாவுக்கு வீறாப்பெல்லாம் இறங்கிவிட்டது. "வந்து தொலைங்க, ரெண்டு பேரும்!"

மூவரும் ஒரே சட்டியில் கொதித்தார்கள், ஒரே தட்டில் காய்ந்தார்கள், பையானார்கள். உள்ளே வந்து தொம்மென்று உட்கார்ந்தது ஒரு பூசணிக்காய். மாவு கண்ணை இறுக மூடிக்கொண்டது. கிளிசரின் மெல்ல நெகிழ்ந்து கொடுத்தது. நார் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்தது. பை ஆணியில் தொங்கியது. கிழியவில்லை.

"அட, தூளி மாதிரி சுகமா இருக்கே!" என்றது பூசணி.

மாவு ஒற்றைக் கண்ணைத் திறந்து கீழே பார்த்தது.

"ஏம்ப்பா நாரு, கெட்டியாப் பிடிச்சுக்கோ. கொஞ்சம் ஆடித்தான் பார்ப்போமே!"