கடைசி ஆணியில ஒரு சாவி

"தொடாதேடா! மாட்டினவன்தான் எடுக்கணும்."

"செவுத்தையே இடிக்கப் போறாங்க, இன்னும் என்னக்கா சட்டம் பேசுற?"

அக்காவும் தம்பியும் மல்லுக்கட்டுறது பழைய விமானக் கொட்டகைக்குள்ள. போர்க்காலத்துல இங்கதான் பையன்களுக்கு விமானம் ஓட்டக் கத்துக்குடுத்தாங்க. மேல போறவன் வீட்டுச் சாவிய ஆணியில மாட்டிட்டுப் போவான், இறங்கி வந்து அவனேதான் எடுப்பான். வேற ஒருத்தர் கை படக்கூடாதுங்கிறது அவங்க வழக்கம். இப்ப செவுரு பூரா வெறும் ஆணி. கடைசி ஆணியில மட்டும் இவங்க அண்ணனோட சாவி துருப்பிடிச்சுத் தொங்குது. மேல போன அண்ணன் இறங்கல, உடம்பும் கிடைக்கல. தகரக் கூரை ஓட்டை வழியா விழுற வெயில் அந்தச் சாவி மேலேயே நிக்குது. வெளியில இடிக்கிற மெஷின் உறுமிக்கிட்டே இருக்கு. அக்காவுக்கு அழுகையும் வரல, கோபமும் வடிஞ்சுபோச்சு. கை ரெண்டும் யாரோடதோ மாதிரி தொங்குது.

"இந்தச் சாவிக்குப் பூட்டு எங்கக்கா இருக்கு இப்ப?"

"நம்ம வாசக்கதவுலதான். நான் மாத்தவே இல்லையே."

அந்தப் பூட்டு இறுக்குது, மாத்தித் தொலைன்னு வருஷக்கணக்கா கத்தின தம்பி, அக்கா எப்பவோ மாத்தியிருப்பான்னு நெனச்சிருந்தான். இப்ப நீட்டின கைய மடக்கவும் தெரியாம நிக்கிறான்.

மெஷின்காரர் எட்டிப் பாக்கிறார். "எடுத்தாச்சாம்மா?"

எடுத்தா, அண்ணன் வரமாட்டான்னு அவளே ஒத்துக்கிட்ட மாதிரி. விட்டா, மண்ணோட போயிடும். நீங்க அவ இடத்துல இருந்தா எடுப்பீங்களா? ஆறுதல் வேண்டாங்க, பதில் மட்டும் கீழ எழுதுங்க.