நாற்காலிக்கு ஒரு மதிப்பெண்

விடைத்தாளின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பியதும் முதன்மைத் தேர்வாளரின் பேனா நின்றுவிட்டது.

இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. ஒவ்வொரு விடைக்கும் அடியில் இரட்டைக் கோடு.

தாளில் பெயர் இல்லை, ஆளை மறைக்கும் டம்மி நம்பர் மட்டும்தான். பெற்ற பிள்ளையின் எழுத்தைக் கண்டுபிடிக்க அம்மாவுக்குப் பெயர் எதற்கு?

போன வருஷம் ஆங்கிலத்தில் கோட்டைவிட்டவன் அவர் மகன். இந்த முறையும் போனால் கல்லூரிப் படிப்பு அவ்வளவுதான்.

‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ போன்ற முன்னிடைச்சொற்களுக்குப் பதினைந்து கோடிட்ட இடங்கள். இடத்தைக் காட்டுபவை ஐந்து, காலத்துக்கு ஐந்து, திசைக்கு ஐந்து. காலத்தில் பையன் நன்றாகவே வழுக்கி விழுந்திருந்தான். திசையில் பாதிக்குப் பாதி. கிழவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்ற வாக்கியத்தில் ‘இன்’ என்று எழுதியிருந்தான்.

அதற்கு உதவித் தேர்வாளர் ஒரு மதிப்பெண் போட்டிருந்தாள். மொத்தம் முப்பத்தைந்து. மயிரிழையில் தேர்ச்சி. இப்படி விளிம்பில் நிற்கும் தாள்களை முதன்மைத் தேர்வாளர் மறுபடி பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.



அவருடைய அப்பாவும் இதே வேலை பார்த்தவர். அந்தக் குடும்பத்தார் கை வைத்த தாளைப் பற்றி இதுவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் போன வாரம் சாப்பாட்டு மேசையில் கொழுந்தனார் சிரித்துக்கொண்டே கேட்டார்: “பேனா அண்ணி கையில இருக்கறப்போ பையனுக்கு என்ன கவலை?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

சிவப்பு மையால் அந்த ‘இன்’னை அடித்தார். முப்பத்துநான்கு.

பக்கத்தில் நின்ற உதவித் தேர்வாளருக்குப் பொறுக்கவில்லை. “மேடம், ‘ஆன்’ போட்டாலும் ‘இன்’ போட்டாலும் மார்க் குடுங்கன்னு காலையில நீங்கதானே சொன்னீங்க? நான் எல்லாருக்கும் குடுத்துட்டேனே!”

“சொன்னேன். இது குருட்டாம்போக்குல எழுதினது. போய் வேலையப் பாரும்மா.”

அவள் மற்ற தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

விடைத்தாள் கட்டுக்கு நூல் சுற்றினார்கள். அரக்கு உருக்கி முத்திரை குத்தினார்கள்.  அவ்வளவு நேரமும் அவர் முதுகு வளையவில்லை. மகனிடம் இதைச் சொல்லப்போவதில்லை. அவன் அழுதாலும் சொல்லப்போவதில்லை. அப்பா உயிரோடு இருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

விடைத்தாள் திருத்தும் முகாமின் அலுவலர் கட்டை எடுத்துப்போக வந்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“உங்க பையன் இந்த வருஷம் எழுதறான்னு கேள்விப்பட்டேன் மேடம். அவன் எழுதின சென்டர் பேப்பர் பூராவும் முதல் நாளே வேற முகாமுக்கு அனுப்பிட்டேன். ஒண்ணுகூட இந்தப் பக்கம் வரல. நாளைக்கு உங்க மேல ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாருங்க.”

உதவித் தேர்வாளர் சட்டென்று நிமிர்ந்தாள்.

முத்திரையை உடைத்து, யாரோ பெற்ற அந்தப் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டு. காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

“ரொம்ப நன்றி சார்,” என்றார் முதன்மைத் தேர்வாளர்.

கட்டு வாசலைத் தாண்டிப் போயிற்று. உதவித் தேர்வாளர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.