வெரோனா போகும் வழி

மொடேனாவில் ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜன்னலின் மரச்சட்டங்கள் வழியே வெயில் கோடுகோடாகச் சமையலறை மேசைக்கு வந்து, விரித்துவைத்த வரைபடத்தின் மேல் விழுகிறது. நாளைக்கு அக்காவும் தம்பியும் தங்கள் அப்பா ஒத்தொரினோவை வெரோனாவில் உள்ள முதியோர் இல்லத்தில் விட்டுவர வேண்டும். அவரிடம் சும்மா ஊர் சுற்றப் போவதாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சாலையில் நாற்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். "நெடுஞ்சாலைல போனா ஒன்றேகால் மணி நேரந்தான், அக்கா," என்கிறான் தித்சியானோ. "வேணாண்டா. ஆத்தோரமாவே போவோம். மாந்தோவாவுல நிறுத்தி அப்பாவுக்குப் பிடிச்ச பூசணிக்கா தொர்த்தெல்லி வாங்கிக் குடுப்போம்." ஒர்னெல்லாவின் விரல் ஒவ்வொரு ஊரிலும் தயங்கித் தயங்கி நகர்கிறது.

அப்பா திரும்பாமலே பேசுகிறார். "நெடுஞ்சாலைலயே போங்க. ஜூன் மாசத்துல குளிருக்குப் போடுற கோட்டு எதுக்கும்மா என் பெட்டில வச்சே?" விரல் நின்றுவிடுகிறது. தெருவில் யாரோ ஒரு ஸ்கூட்டரை உதைக்கிறார்கள். அது கிளம்ப மறுக்கிறது. "வழியில சாப்பிட வேணாமாப்பா?" என்கிறாள் ஒர்னெல்லா.

"திரும்பி வர்றப்போ நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க. அப்பத்தான் உங்களுக்கு நல்லாப் பசிக்கும்."