மூன்றாம் நம்பர் கட்டில்

“இடது பக்கமா, வலது பக்கமா?” என்று கேட்டாள் சின்ன சிஸ்டர்.

“நடுவுல... மூக்கு நுனியில,” என்றாள் மூன்றாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்தவள். மூக்கைச் சொறிந்துவிட இன்னொருத்தியை மணி அடித்துக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று அவமானம் பிடுங்கித் தின்றது.

சின்ன சிஸ்டர் சிரிக்கவில்லை. ஏதோ பெரிய வைத்தியம் போலப் பக்குவமாகச் சொறிந்துவிட்டு, “வேற எங்கேயாவது?” என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள்.

அது கன்னியாஸ்திரீகள் நடத்தும் பராமரிப்பு இல்லம். காலையில் மகன்தான் கொண்டுவந்து விட்டான். “இன்னிக்கு ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரும்மா,” என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தலைமை சிஸ்டரும் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். “சாயங்கால ஜெப மணி அடிக்கிற வரைக்கும் நீங்களா எழுந்திரிக்கவே கூடாது. கையை ஊன்றவோ தூக்கவோ கூடாது. எது வேணும்னாலும் விரலுக்கடியில இருக்கிற இந்தப் பொத்தானை அழுத்திக் கூப்பிடுங்க. ஒத்து வந்தா சேர்த்துக்கறோம். முடியலைன்னா தப்பில்ல, வீட்டுக்குப் போயிடலாம்.”

வீட்டுக்கா? கணவன் போன பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே இரண்டு வருஷம் ஓட்டியாயிற்று. இந்த இடமும் கைநழுவிப் போனால் வேறு கதி இல்லை. அதனால் சொன்ன சொல் மீறாமல் கிடந்தாள்.

பதினொரு மணிக்கு சூப் வந்தது. “ஜெபம் பண்ணலாமா?” என்று அனுமதி கேட்டு, கண்ணை மூடித் திறந்து, பிறகு ஊட்டினாள் சின்ன சிஸ்டர். ஒரு வாய் விழுங்கி முடித்தாளா என்று பார்த்த பிறகே அடுத்த ஸ்பூன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் வந்து அவளைப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். பெட்பேன் வைத்தபோதுதான் உயிரே போய்விட்டது. திரையை இழுத்து மூடி, போர்வையைப் போர்த்தி, நேற்று பெய்த மழையைப் பற்றி ஏதேதோ பேசி, அவள் வெட்கப்பட நேரமே கொடுக்காமல் வேலையை முடித்துவிட்டாள் சின்ன சிஸ்டர்.

பக்கத்துக் கட்டிலில் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. மாலை நான்கு மணிக்கு டீச்சரின் மகள் வந்தாள். அம்மாவின் தலையை வாரிவிட்டவள், இந்தப் பக்கம் திரும்பினாள்.

“புதுசா வந்திருக்கீங்களா ஆன்ட்டி? ஏன் கண்ணு கலங்குது?”

“ஒண்ணுமில்லம்மா.”

“எனக்குத் தெரியும். அம்மாவைக் கொண்டுவந்து விட்ட அன்னிக்கு நானும் இப்படித்தான் அழுதேன். பெத்தவளைத் தள்ளி விட்டுட்டாளேன்னு சொந்தக்காரங்க வாய்க்கு வந்தபடி பேசினாங்க. ஆனா வீட்டுல நாங்க மூணு பேர் மாத்தி மாத்திப் பார்த்தும் அம்மாவுக்கு முதுகுல புண்ணு வந்துடுச்சே! இங்க திருப்பித் திருப்பிப் படுக்க வெச்சே ஆத்திட்டாங்க.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “குளிப்பாட்டும்போது, ‘டீச்சர், இப்ப தண்ணி ஊத்தப் போறேன்’னு சொல்லிட்டுத்தான் ஊத்தறாங்க. அம்மா பதில் சொல்லப் போறதில்ல. இருந்தாலும் சொல்றாங்க. அவங்க வயித்துல பொறந்த எனக்கே அது தோணலை, ஆன்ட்டி. படுத்திருக்கறவங்க மனசு இவங்களுக்கு மட்டும் எப்படித்தான் தெரியுதோ!”

மூன்றாம் நம்பர் கட்டில்காரி வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“உங்க பிள்ளைங்க கைவிட்டுட்டாங்கன்னு மட்டும் நினைக்காதீங்க. நான் வரும்போதெல்லாம் உங்களையும் பார்த்துட்டுத்தான் போவேன்,” என்று தன் கைக்குட்டையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள் டீச்சரின் மகள்.

ஜெப மணி அடித்தது. தலைமை சிஸ்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“இன்னிக்கு எது உங்களுக்குப் பிடிக்கல? பூசி மெழுகாம சொல்லுங்க.”

“எல்லாரும் தங்கமா கவனிச்சாங்க சிஸ்டர். ஆனா மத்தியானம் ஒரு தடவை பொத்தானை அழுத்தினேன். கடைசிக் கட்டில்ல எல்லாரும் வேலையா இருந்தாங்க. வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆயிடுச்சு. பத்தே நிமிஷம்தான்... நம்மளை மறந்துட்டாங்களோன்னு பயந்து அழுதுட்டேன்.”

“அந்தப் பத்து நிமிஷத்தை என்னிக்கும் மறந்துடாதீங்க,” என்றார் தலைமை சிஸ்டர். “சரி, எழுந்திருங்க.”

“ஐயோ சிஸ்டர், அவங்க எப்படி எழுந்திரிப்பாங்க? விழுந்துடுவாங்க!” டீச்சரின் மகள் பதறிப்போய்த் தாங்கிப் பிடிக்க ஓடிவந்தாள்.

அதற்குள் மூன்றாம் நம்பர் கட்டில்காரி விறுட்டென்று எழுந்து நின்று, புடவையை உதறிச் சரிசெய்துகொண்டாள். தலைமை சிஸ்டர் மடித்து வைத்த நீல ஏப்ரன் ஒன்றை அவள் கையில் கொடுத்தார்.

“நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க, டீச்சரைக் குளிப்பாட்டற டியூட்டி உங்களுக்கு,” என்றவர், வாய் பிளந்து நின்ற டீச்சரின் மகளைப் பார்த்துச் சிரித்தார். “இங்க வேலைக்குச் சேர்றவங்க யாரா இருந்தாலும், முதல் நாள் பூரா நோயாளியா இந்தக் கட்டில்ல கிடந்தே ஆகணும்மா; பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் கிடந்தேன்.”