ஸ்கூட்டர் இரைச்சல்

வானொலித் தொலைநோக்கி ஒரு பெரிய காது. எங்கோ ஒரு கிரகத்தில் யாராவது பேசினால் கேட்கட்டும் என்று அதை ஒவ்வொரு நட்சத்திரமாகத் திருப்புவதுதான் அவள் வேலை. தொல்லை என்னவென்றால், பக்கத்துச் சத்தங்களும் அந்தக் காதில் விழும். அவள் கணவரின் பழைய ஸ்கூட்டரில் பிளக் பொறி விடும்போதெல்லாம் திரையில் முள் முள்ளாகக் கோடு எழும். சாப்பாட்டுக் கேரியரோடு அவர் மேடேறும்போதே, “அக்கா, வேற்றுக்கிரகவாசி கிளம்பிட்டாரு!” என்று கூட வேலை பார்ப்பவன் கத்துவான்.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். ஸ்கூட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.

இன்று மதியம் அதே முள்கோடு எழுந்தது. வழக்கப்படி அவள் காதை நட்சத்திரத்திலிருந்து சற்று விலக்கினாள். பக்கத்துச் சத்தமென்றால் அப்போதும் விடாமல் கேட்கும். நட்சத்திரத்திலிருந்து வருவதென்றால் நின்றுவிடும்.

நின்றுவிட்டது. மறுபடி நட்சத்திரத்தை நோக்கித் திருப்பினாள். வந்தது, முன்பைவிடப் பலமாக. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் எதுவும் அவள் பிறப்பதற்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும்.

அவளுக்கு அழத் தோன்றவில்லை. நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அக்கா, நேரம் முடிஞ்சுது, அடுத்ததுக்குத் திருப்பவா? இதோட முறை இனி அடுத்த வருஷம்தான்.”

திரையில் முட்களின் இடைவெளி மெல்ல நீண்டது. பிறகு சட்டென்று குறுகியது. வண்டி திணறும்போது கியரைக் குறைத்தால் அப்படித்தான் ஆகும்.

“கொஞ்சம் இருப்பா,” என்றாள். “மேடு ஏறிட்டிருக்காரு.”